பாத்திகளாகப் பிரித்த ஆகாயம்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரிக்கு அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல், புயல்களின் வழக்கப்படி உள்நாட்டை நோக்கி விரைந்து சென்று ஓய்ந்துவிடாமல், கரையேறிய பிரதேசத்திலேயே பல மணி நேரம் அசையாமல் நின்றுவிட்டது. காற்றின் வேகம் மணிக்கு எழுபது எண்பது கிலோமீட்டர்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கரைப்பகுதியில் 120 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தோடு ஏறிய நிவரோடு ஒப்பிட்டால் அது பெரிய காற்றே அல்ல. ஆனால் நின்ற இடத்தில் நின்றபடி அது பொழிந்த மழை மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் என்று பதிவாயிற்று. மயிலத்திலிருந்து கிழக்கே கடற்கரையை நோக்கி வந்தால் மரக்காணம். பக்கிங்ஹாம் கால்வாய் வந்து முடிகிற இடம். கழுவெளி என்னும் பெரிய சதுப்பு ஏரியும் உப்பளங்களும் அடுத்தடுத்துக் கிடக்கிற தாழ்ந்த நிலம்.

இங்கே உப்பு விளைவிப்போருக்கு மழையைப் பற்றிய கேள்வி எப்போதும் மூன்று பகுதிகள் உடையது: எங்கே, எந்நேரம், எவ்வளவு. வெயிலில் நாள்கணக்காகக் காய்ந்து, நீரின் அடர்த்தியை அளக்கும் பாமே மானியில் இருபத்தைந்து டிகிரியைத் தொட்டு, அடியில் உப்புப் பூக்கத் தொடங்கிய பாத்தியின் மீது ஒரு கோடை மழை அரைமணி நேரம் பெய்துவிட்டால், அந்த நீர் மறுபடியும் பழைய உவர்நீராகிவிடும். செய்த வேலை அத்தனையும் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். ‘வட தமிழகக் கடலோரத்தில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்’ என்ற அறிவிப்பு அவர்களுக்குப் பயன்படாது. நம் பாத்தியில் பெய்யுமா என்பதே அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை காண முயலும் யந்திரங்கள் மரக்காணத்திலோ சென்னையிலோ இல்லை. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்திலும், நொய்டாவில் உள்ள நடுத்தரக்கால வானிலை முன்கணிப்புத் தேசிய மையத்திலும் இருக்கின்றன. அவற்றை மீக்கணினி என்று பத்திரிகைகள் ஒருமையில் எழுதுவது வழக்கம். உண்மையில் அவை ஒரு கணினி அல்ல; ஆயிரக்கணக்கான சாதாரணக் கணினிகளைக் கம்பியால் பிணைத்த கூட்டங்கள். கிளஸ்டர் என்று துறையில் வழங்குவது அந்தக் கூட்டத்தைத்தான்.

கூட்டம் எதற்கு, வேகமான கணினி ஒன்று போதாதா என்று கேட்பது நியாயமே. விடை கணக்கின் தன்மையிலேயே இருக்கிறது. உவர்நீரை ஒரே பரப்பாகத் தேக்கிவைத்து உப்பாக்க முடியாது என்று கண்ட அளத்துக்காரர் நிலத்தை வரப்பிட்டுப் பாத்திகளாகப் பிரித்துக்கொண்டதைப் போலவே, வானிலைக் கணிதரும் வாயுமண்டலத்தைக் கற்பனை வரப்புகளால் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திற்கும் ஓர் உஷ்ணநிலை, ஓர் அழுத்தம், ஒரு காற்று, ஓர் ஈரப்பதம் என்று எண்களை இட்டு, ஒரு பாத்தியின் நீர் மடைவழியே அடுத்த பாத்திக்குச் செல்வதுபோல அந்த எண்கள் பக்கத்துக் கட்டங்களோடு கொண்டும் கொடுத்தும் மாறுகிற விதத்தைச் சில நிமிஷங்களுக்கு ஓர் அடியாகக் கணக்கிட்டுக்கொண்டே போகிறார்கள். அண்மைக்காலம் வரை நம் நாட்டின் உலகளாவிய மாதிரியில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 12 கிலோமீட்டர். பூமியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர் ஆகையால் கட்டங்கள் ஏறக்குறைய 35 லட்சம். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் 64 அடுக்குகள். ஆக 22 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள். ஐந்து நிமிஷத்திற்கு ஓர் அடி என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் முன்னறிவிப்புக்கு இத்தனை பெட்டிகளையும் 2,880 தடவை கணக்கிட வேண்டும். இந்தக் கணக்கை ஒருவர் கையில் கொடுத்தாலும் ஒரு யந்திரத்தில் கொடுத்தாலும், முடிவு கைக்கு வரும்போது புயல் கரை கடந்து பல நாட்கள் ஆகியிருக்கும்.

இதை முதலில் உணர்ந்தவர் கணினி பிறப்பதற்கு முன்பே வாழ்ந்தவர். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், 1910ஆம் ஆண்டு மே 20ஆம் தேதியின் வானிலைப் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வாறு மாறும் என்பதைக் கையாலேயே கணக்கிட்டார். அந்த ஆறு மணி நேரத்திற்கு அவருக்கு ஆறு வாரங்கள் ஆயின. வந்த விடையோ இயற்கையில் நடக்கவே முடியாத 145 மில்லிபார் மாற்றம். ஆரம்ப எண்களில் இருந்த சிறு முரண்கள் பெருகிப் பெரும் பிழையாயின என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். ஆயினும் அவர் சோர்ந்துவிடாமல் தம் தோல்வியையும் சேர்த்தே 1922இல் நூலாக வெளியிட்டு, அதில் ஒரு கற்பனையையும் எழுதிவைத்தார்: உருண்டையான பிரம்மாண்ட மண்டபம், அதன் உட்சுவரில் பூமியின் படம், அவரவர் பகுதிக்கு எதிரே அமர்ந்து கணக்கிடும் 64,000 மனிதர்கள், ஒவ்வொருவர் விடையும் பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படும்படி விளக்குப் பலகைகள், நடுவே மேடையில் நின்று, முந்துகிறவரையும் பிந்துகிறவரையும் ஒளியால் எச்சரித்து எல்லோரையும் ஒரே கதியில் நடத்துகிற ஒரு தலைவர். இன்றைய கிளஸ்டரின் அங்கங்கள் ஏறத்தாழ எல்லாமே அந்த மண்டபத்தில் இருக்கின்றன; மனிதர்களுக்குப் பதில் சிலிக்கன் சில்லுகள் வந்திருப்பதுதான் வித்தியாசம்.

இப்போது அங்கங்களின் பெயர்களுக்கு வருவோம். புணேயில் 2024 செப்டம்பரில் அர்ப்பணிக்கப்பட்ட ‘அர்கா’வையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரு கணக்கைத் தொடர்ந்து செய்யவல்ல மிகச் சிறிய உறுப்புக்குக் கோர் என்று பெயர். ரிச்சர்ட்சனின் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் தனிமனிதர் இவரே. அர்காவின் ஒரு சில்லில், அதாவது ஒரு பிராசஸரில், 48 கோர்கள் உள்ளன. இத்தகைய இரண்டு பிராசஸர்களையும் அவற்றுக்குப் பொதுவான நினைவகத்தையும் ஒரு பலகையில் பொருத்திய முழுக் கணினியே நோடு. நோடு என்பது தன்னளவில் நிறைவு பெற்ற கணினி. அதனை எடுத்துத் தனியே வைத்தாலும் இயங்கும். அர்காவில் இத்தகைய நோடுகள் 3,021. கோர்களின் மொத்தத் தொகை 2,90,000க்குச் சற்று மேல். இவையன்றி, வரைகலைக்காகப் பிறந்து கணக்குக்கு வாழ்க்கைப்பட்ட ஜிபியு சில்லுகளைத் தாங்கிய நோடுகள் 26 தனியே உண்டு.

வேகத்தை எண்ணும் முறையும் சிக்கலானதன்று. தசமப் புள்ளியுள்ள எண்களைக் கொண்டு ஒரு விநாடியில் செய்யும் கூட்டல் பெருக்கல்களின் தொகையே ஃப்ளாப்ஸ். அர்காவின் ஒரு கோர் விநாடிக்கு 230 கோடித் தடவை துடிக்கிறது. ஒரு துடிப்பில் பதினாறு கணக்குகள் செய்யும். 96 கோர்களுக்கு இதைப் பெருக்கினால் ஒரு நோடுக்கு விநாடிக்கு மூன்றரை லட்சம் கோடிக் கணக்குகள். 3,021 நோடுகளுக்கும் சேர்த்துச் சுமார் 10.7 பெட்டாஃப்ளாப்ஸ். ஜிபியு நோடுகளின் பங்கையும் சேர்த்து 11.77 பெட்டாஃப்ளாப்ஸ் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு பெட்டாஃப்ளாப்ஸ் என்பது விநாடிக்குப் பத்துக் கோடி கோடிக் கணக்குகள். ஆக, செய்தித்தாளில் நம்மை மலைக்கச் செய்யும் அந்த எண், எந்த யந்திரத்தையும் ஓட்டிப் பார்க்காமலே காகிதத்தில் பெருக்கிக் கண்டது. துறையினர் இதை உச்ச வேகம் என்பார்கள். லின்பேக் என்ற பரீட்சைக் கணக்கை உண்மையில் ஓட்டி அளந்தது வேறு எண். சி-டாக் நிறுவனத்தின் ‘ஐராவத்’ என்ற கிளஸ்டர் 2023 ஜூனில் உலக மீக்கணினிப் பட்டியலில் 75ஆம் ஸ்தானம் பெற்றபோது அதன் உச்ச வேகம் 13.17, அளந்த வேகம் 8.5. அந்தப் பரீட்சைக் கணக்கோ கிளஸ்டருக்கு அனுகூலமான கணக்கு. வானிலைக் கணக்கு அவ்வளவு தாட்சண்யம் காட்டாது.

தாட்சண்யம் காட்டாததன் காரணம்தான் இந்த அத்தியாயத்தின் சாரமான விஷயம். 35 லட்சம் கட்டங்களை 3,021 நோடுகளுக்குப் பங்கிட்டால், ஒரு நோடுக்கு ஏறக்குறைய 1,170 கட்டங்கள் வரும். பக்கத்துக்கு 34 என்று ஒரு சதுரமாக அதை வைத்துக்கொள்ளலாம். சதுரத்தின் உள்ளே இருக்கும் கட்டங்களுக்கு வேண்டிய எண்கள் எல்லாம் அதே நோடின் நினைவகத்தில் இருக்கின்றன. ஓரத்துக் கட்டங்களுக்கு மட்டும் பக்கத்து நோடில் உள்ள எண்கள் வேண்டும். சுற்றிலும் ஒரு வரிசை, மூலைகளையும் சேர்த்து 140 கட்டங்கள். ஒவ்வோர் அடியிலும் இந்தச் சுற்றுவரிசையை அண்டை நோடுகளிடமிருந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த கணக்கு. இதையே கோர் அளவில் பார்த்தால் நிலைமை தலைகீழாகும். ஒரு கோருக்குச் சொந்தமான கட்டங்கள் பன்னிரண்டே. மூன்றுக்கு நான்கு என்று அடுக்கினால், அவற்றைச் சூழ்ந்த வேற்றுக் கட்டங்களோ பதினெட்டு! சொந்தப் பாத்தியைவிட வரப்புக்கு அப்பால் எட்டிப் பார்க்க வேண்டிய பாத்திகள் அதிகம். ஒரே நோடுக்குள் உள்ள கோர்கள் பொது நினைவகத்தில் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் பெரிய தீங்கில்லை. இதற்குப் பகிர்ந்த நினைவகம் என்று பெயர். நோடுக்கு நோடு அப்படிப் பார்க்க வழியில்லை. செய்தியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும். அந்தச் செய்திப் போக்குவரத்துக்கான பொது இலக்கணமே எம்பிஐ. தொண்ணூறுகளின் நடுவில் வகுக்கப்பட்ட அந்த இலக்கணத்தில்தான் உலகின் வானிலை மாதிரிகள் இன்றும் பேசிக்கொள்கின்றன.

செய்தி செல்லும் பாதைக்கு இன்டர்கனெக்ட் என்று பெயர். அதன் தரத்தை இரண்டு அளவைகளால் சொல்வார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்களே அதிகம். ஒரு விநாடியில் எவ்வளவு தரவு செல்லும் என்பது பேண்ட்வித். முதல் எழுத்து போய்ச் சேர எவ்வளவு நேரம் என்பது லேட்டன்சி. முன்னதைப் பணம் கொடுத்துப் பெருக்கலாம். கம்பிகளை இரட்டிப்பாக்கினால் இரட்டிக்கும். பின்னதை அப்படி விலைக்கு வாங்க முடியாது. ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் வெற்றிடத்திலேயே 300 மீட்டர்தான் செல்லும் என்பது பிரபஞ்சத்தின் சட்டம். இன்ஃபினிபேண்ட் என்ற சிறப்பு இணைப்பில் நோடுக்கு நோடு செய்தி போய்ச் சேர ஒன்றிரண்டு மைக்ரோ விநாடிகள் ஆகும்; சாதாரண ஈதர்நெட்டில் அதைப் போலப் பல மடங்கு. ஒரு மைக்ரோ விநாடி என்ன பெரிய காலம் என்று எண்ணிவிடக் கூடாது. அதற்குள் ஒரு கோர் 2,300 தடவை துடித்து, வேலை இருந்தால் 36,800 கணக்குகளைச் செய்து முடித்திருக்கும். செய்தி வராமையால் சும்மா இருக்கிறது. ஆகையால் ஒரு கிளஸ்டரை அமைப்பவரின் சாமர்த்தியம் வேகமான சில்லுகளை வாங்குவதில் இல்லை, அவற்றைக் காத்திருக்க விடாமல் வைத்திருப்பதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அறைக்குள் கம்பியைக் கழற்றிவிட்டால் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ் அப்படியே இருக்கும். முன்னறிவிப்பு மட்டும் வராது.

இதன் மறுபக்கத்தை 1967இல் ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் சொன்னார். ஒரு கணக்கில் நூற்றில் ஐந்து பங்கு ஒருவர் பின் ஒருவராகத்தான் செய்யத்தக்கது என்றால், மீதித் தொண்ணூற்றைந்தை எத்தனை பேருக்குப் பங்கிட்டாலும் மொத்த வேகம் இருபது மடங்குக்கு மேல் கூடாது. 96 கோர்களில் அந்த வேகம் சுமார் 17 மடங்கு. 2,90,000 கோர்களிலும் இருபதைத் தாண்டாது. ஆம்டாலின் விதி தப்பே செய்யாத கொடுமையான விதி. அதனோடு சமரசம் செய்துகொள்ள ஒரே வழி, பங்கிட முடியாத பகுதியைத் தேடித் தேடிக் குறைப்பது.

பேச்சே தேவைப்படாத கணக்குகளும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆரம்ப எண்களைச் சிறிது சிறிது மாற்றி ஒரே முன்னறிவிப்பைப் பல தடவை ஓட்டிப் பார்ப்பது எல்லா வானிலை மையங்களிலும் வழக்கம். நம் நாட்டில் 2018 முதல் 21 உறுப்பினர் கொண்ட தொகுதியாக ஓட்டுகிறார்கள். இருபத்தொன்றும் ஒன்றையொன்று கேட்பதில்லை. தனித்தனியே ஓடி முடிவில் ஒப்பிடப்படுகின்றன. ரிச்சர்ட்சனைக் கெடுத்த அந்த ஆரம்பப் பிழை இன்றும் ஒழியவில்லை என்பதற்கு இந்தத் தொகுதியே சாட்சி. ஃபெஞ்சல் விஷயத்திலும் புயலாக வலுப்பெறாமல் தாழ்வு மண்டலமாகவே கரையேறும் என்று ஒரு கட்டத்தில் அறிவித்து, மறுநாளே அது புயலாயிற்று என்று திருத்த நேர்ந்தது. கடலின் மேல் அளவுக் கருவிகள் குறைவு. தெரியாத எண்ணை எத்தனை வேகமாகப் பெருக்கினாலும் தெரிந்த எண் ஆகிவிடாது.

நிர்வாகச் சொற்கள் சிலவற்றையும் பார்த்துவிடலாம். கிளஸ்டருக்குள் நுழைகிற எவரும் முதலில் காண்பது லாகின் நோடு. நிரலை எழுதவும் திருத்தவும் ஏற்பட்ட முன்வாசல் அது. பெருங்கணக்கை அங்கேயே ஓட்டிவிடுவது புதிய ஆராய்ச்சி மாணவர் செய்கிற முதல் அபசாரம். நூறு பேருக்குப் பொதுவான வாசலில் ஒருவர் படுத்துக்கொண்டதாக அது ஆகும். கணக்கை ஜாப் என்ற விண்ணப்பமாக எழுதி, இத்தனை நோடு, இவ்வளவு நினைவகம், இத்தனை மணி நேரம் என்று குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். கோரிய மணி நேரத்திற்கு வால்டைம் என்று பெயர். கணக்கு முடியாவிட்டாலும் நேரம் முடிந்ததும் ஜாப் வெட்டப்படும், முறையீடு இல்லை. விண்ணப்பங்களை வரிசையில் நிறுத்தி, காலியான நோடுகளைப் பார்த்துப் பங்கிடுவது ஸ்கெஜூலர்; ஸ்லர்ம் என்பது அவற்றில் பெயர் பெற்றது. நேரத்தைத் தாராளமாகக் கேட்டவர் வரிசையில் அதிகம் காத்திருப்பார், சிக்கனமாகக் கேட்டவர் இடைவெளியில் நுழைந்து முன்னே போய்விடுவார். பழகியவர்கள் இதை அறிந்து கேட்பார்கள். வானிலை மையங்களில் அன்றாட முன்னறிவிப்புக்கே முதல் உரிமை. ஆராய்ச்சியாளரின் ஜாப் ஒதுங்கி நிற்கும்.

சேமிப்பகத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆயிரம் நோடுகள் ஒரே கோப்பில் ஒரே சமயத்தில் எழுதினால் ஒரு வட்டு தாங்காது. ஆகவே கோப்பைப் பல வட்டுகளில் துண்டு துண்டாகப் பரப்பி வைக்கும் இணைநிலைக் கோப்பு முறைமை வேண்டும். அர்காவுக்கு 33 பெட்டாபைட் சேமிப்பு உண்டு. ஒரு நோடு ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவைதான் கெடும் என்று வைத்துக்கொண்டாலும், மூவாயிரம் நோடுகளில் சராசரியாகப் பதினைந்து மணி நேரத்திற்குள் ஏதேனும் ஒன்று கெடும். எனவே நீண்ட கணக்கை நடுநடுவே வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கெட்டால் அங்கிருந்து தொடர்கிறார்கள். அந்தப் பதிவுக்குச் செக்பாயின்ட் என்று பெயர்.

இந்தக் கலை நம் நாட்டுக்கு வந்த விதமும் சுவாரசியமானது. எண்பதுகளின் இறுதியில் வானிலைக்காக அமெரிக்காவிடம் க்ரே மீக்கணினி கேட்டபோது, பெரியதைத் தர மறுத்து எக்ஸ்எம்பி-14 என்ற சிறியதையே தந்தார்கள். 1988இல் புணேயில் சி-டாக் தோன்றி, விஜய் பட்கர் தலைமையில், கடைச்சரக்கான டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளைப் பிணைத்து 1991இல் ‘பரம் 8000’ஐ உருவாக்கிற்று. அமெரிக்க நாசாவில் ஸ்டெர்லிங், பெக்கர் என்னும் இருவர் பதினாறு சாதாரண 486 கணினிகளை ஈதர்நெட்டால் இணைத்துப் ‘பியோவுல்ஃப்’ என்று பெயரிட்டது 1994இல். உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் கிளஸ்டர் கட்டத் துணிந்தது அதன் பிறகுதான். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம் 2004 வாக்கில், இரட்டைச் சில்லுகள் கொண்ட 144 நோடுகளால் ‘கப்ரு’ என்ற கிளஸ்டரைக் கட்டி, அணுத்துகள்களின் விசைகளைக் கட்டம் கட்டமாகக் கணக்கிடப் பயன்படுத்தியது. திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே மாதம் தொடங்கப்பட்ட ‘பரம் பொருள்’ 838 டெராஃப்ளாப்ஸ் வேகமுள்ளது. நோடுகளுக்குள் குளிர்திரவத்தை நேரே செலுத்தி உஷ்ணத்தைப் போக்குகிறார்கள்.

வானிலைக் கட்டத்தின் பக்கத்தை 12இலிருந்து 6 கிலோமீட்டராகக் குறைத்தால் கட்டங்கள் நான்கு மடங்காகும். சிறிய கட்டத்தில் காற்று ஒரே அடியில் எல்லை தாண்டிவிடாமல் இருக்கக் கால அடியையும் பாதியாக்க வேண்டும். ஆக வேலை எட்டு மடங்கு. ‘பிரத்யுஷ்’, ‘மிஹிர்’ என்னும் முந்தைய கிளஸ்டர்கள் இரண்டும் சேர்ந்து 6.8 பெட்டாஃப்ளாப்ஸாக இருந்த நாட்டின் வானிலைக் கணிப்பு வலிமை, அர்காவும் ‘அருணிகா’ என்னும் மற்றொரு கிளஸ்டரும் வந்தபின் 22 ஆயிற்று. மூன்று மடங்குக்குச் சற்று மேல். எட்டுக்கும் மூன்றுக்கும் உள்ள இடைவெளியைச் சில்லுகளால் அடைக்க முடியாது. கட்டங்களைப் பூமியின் உருண்டை மேல் விரிக்கும் முறையையே மாற்றிய பிறகே, 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் மாதிரி ‘பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்’ என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. முன்பு 144 சதுர கிலோமீட்டருக்கு ஒரே மழை அளவு. இப்போது 36 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. மரக்காணத்துப் பாத்திக்காரர் கேட்கும் நுட்பம் இதுவும் அன்று.

இச்சொற்களைப் படித்து நெட்டுருப் பண்ணுவதைவிடக் கையால் தொட்டு அறிவதே மேல் என்று எண்ணும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸ், ஸ்லர்ம், ஓப்பன் எம்பிஐ மூன்றும் இலவசம். பழைய கணினிகள் இரண்டும் அவற்றை இணைக்க ஒரு கம்பியும் இருந்தால் போதும். ஒரு கணக்கை முதலில் ஒன்றிலும் பிறகு இரண்டிலும் ஓட்டி, பிடித்த நேரத்தைக் குறித்துப் பாருங்கள். பாதியாகக் குறைந்திருக்காது, எவ்வளவு குறையவில்லை என்பதைக் கணக்கிட்டு, ஏன் என்று தேடத் தொடங்குங்கள்.